பெயருக்கு முன்னால் ஒரு "லேட்"

ஆவடி குவார்ட்டர்ஸில் ஞானகுமாரியிடம் வாயைக் கொடுத்துவிட்டுத் தப்பித்தவர் கிடையாது. ராணுவச் சட்டை தைக்கிற வேலை அவளுக்கு. புருஷன் பிரகாசம் குடித்துச் சீரழிந்து, மகள் ரோஸிக்கு மூன்று வயதாகும்போது சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனான். "பம்பாயில வேலையா இருக்காரு" என்று ஊருக்கும் மகளுக்கும் ஒரே பதிலைச் சொல்லியே பெண்ணை ஆளாக்கிவிட்டாள்.

தொண்ணூற்று மூன்றில் ரோஸிக்குப் பூந்தமல்லியில் நல்ல இடம் அமைந்தது. சம்பந்தி வேதமுத்து நல்ல மனுஷர்தான், ஆனால் கறார்ப் பேர்வழி. பெண்ணின் அப்பன் ஓடிப்போனவன் என்று தெரிந்தால் சம்பந்தமே வேண்டாம் என்றுவிடுவார். பம்பாய்க் கதையும் கல்யாணத்தன்று செல்லாது; பெண்ணின் அப்பன் எங்கே என்று கேட்பாரே.

கல்யாணப் பத்திரிகை அடிக்கப் பாடியில் கஜபதியின் பிரஸ்ஸுக்குப் போனாள். எல்லோரிடமும் கேட்பதைத்தான் அவன் அவளிடமும் கேட்டான்.

"அப்பா பேருக்கு முன்னாடி லேட் போடணுமாக்கா? கீறாரா, இல்லியா?"

"காலஞ்சென்ற" என்று போடவா என அவன் கேட்டிருந்தால் அவளுக்கு நாக்கு எழும்பியிருக்காது. உயிரோடு இருக்கிற புருஷனைச் செத்துப்போனான் என்று தமிழில் சொல்ல வாய் கூசாதா? இது இங்கிலீஷ். பேருக்கு முன்னால் டாக்டர், புரொபசர் என்று போடுகிற மாதிரி மரியாதையாகக்கூட இருக்கும். அட, இரவல் பாஷையில் பொய் சொல்வது எவ்வளவு சுலபம் பாருங்கள்!

"போடுப்பா" என்றாள்.

பத்திரிகையைப் பார்த்துவிட்டு ரோஸி அழுத அழுகை இருக்கிறதே! "எப்பம்மா? ஏம்மா எங்கிட்ட சொல்லல? என்னிக்காவது வந்து, என் கையப் புடிச்சு சர்ச்சுக்குள்ள கூட்டிட்டுப் போவாருன்னு இருந்தேனேம்மா." ஞானகுமாரி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம், பாவி.

கல்யாணத்தன்று சர்ச் வாசலில் புதுச் சட்டை போட்டு, பளிச்சென்று ஷேவ் செய்து ஓர் ஆள் நின்றிருந்தான். கையில் பத்திரிகை. ஞானகுமாரி உற்றுப் பார்த்தாள். பிரகாசம்! குடியை விட்டுத் தெளிந்த முகம். அவளுக்குப் பக்கத்தில் வேதமுத்து வேறு.

"யாரும்மா இவரு?" என்றார் சம்பந்தி.

ஊரையே வாயால் அடிக்கிறவள் சம்பந்தியின் முகத்தைப் பார்த்தாள். பிரகாசம்தான் முந்திக்கொண்டான்.

"நானுங்களா? பிரகாசத்தோட சிநேகிதன் சார். பாடில, பத்திரிகை அடிச்ச பிரஸ்ஸாண்ட லாரி ஷெட்டுல லோடு ஏத்திகினு கீறேன். அவரு பூட்டாருன்னு பத்திரிகைய பாத்துதான் தெரிஞ்சிது." பத்திரிகையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். "பொண்ணுன்னா அவருக்கு உசுரு சார். அதான் வந்தேன்."

அந்த நேரம் பார்த்து மணப்பெண் காரிலிருந்து இறங்கினாள். "உங்க அப்பாவோட சிநேகிதராம்மா" என்றார் வேதமுத்து. ரோஸி முக்காட்டோடு தலைகுனிந்து நின்றாள். பிரகாசம் அவள் தலையில் கைவைத்தான். அவன் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. பிறகு ஞானகுமாரியின் அண்ணன் ரோஸியின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். பிரகாசம் வாசலிலேயே நின்று பார்த்துவிட்டு, ஒரு வாய் சாப்பிடாமல் போய்விட்டான்.

அப்புறம் பாடியில் ஞானகுமாரி ஏறி இறங்காத லாரி ஷெட் இல்லை. அவன் வேலையை விட்டுப் போய்விட்டதாகச் சொன்னார்கள். எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லி வீட்டில் ரோஸி அம்மாவிடம் கல்யாண ஆல்பத்தைப் புரட்டிக் காட்டி, சர்ச் வாசலில் எடுத்த படத்தில் விரலை வைத்தாள். வேதமுத்து எதிரில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பாவோட சிநேகிதரும்மா. பாவம், எப்படி அழுறாரு பாரு. ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடலாமா? அப்பாவப் பத்திக் கேக்கணும்மா எனக்கு."

ஞானகுமாரி சம்பந்தியைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள்.

"அவரு செத்துப்போயிட்டாருடி" என்றாள், தமிழிலேயே.