மூன்றாம் மாடிப் பொத்தான்

1

இந்தக் கதையை எங்கே திருடினேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேச்சாற்றல் மன்றத்தில். செவ்வாய்தோறும் மாலை ஆறு மணிக்கு ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் கூடும் அந்த மன்றத்துக்கு நேரக் கண்காணிப்பாளர் நான்தான். பதவியின் பெயர்தான் நீளம். வேலை, மூன்று நிமிடம் ஆனதும் மேசைமணியை ஒரே ஒருமுறை அடிப்பது. என் மணி மட்டும் இரண்டு மூன்று முறை அடித்துவிடும். மணி பழசு.*

தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

மதுவின் இருண்ட பள்ளத்தாக்கில் தன்னைத் தொலைத்த ஓர் ஆன்மா (இதை எழுதியவனை எனக்குத் தெரியும். மன்னித்துவிடுங்கள்.)

சமூகத்தின் புரையோடிப்போன (இதற்குமேல் பேனா நகரவில்லை. அதற்காவது மானம் இருக்கிறது.)

லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் தவறான அறைக்குள் நுழைந்தார். இதுதான் நடந்தது. இதையே வைத்துக்கொள்வோம்.

2

மகளின் பள்ளி ஆண்டுவிழாவுக்குக் குடித்துவிட்டுப் போனார் மெக்கானிக். அவள் மேடையேறிப் பாட வாயைத் திறந்த நேரம் பார்த்து, முதல் வரிசையில் நாற்காலியோடு சரிந்தார். அன்றிலிருந்து மகள் பேசுவதில்லை. தண்ணீர்ச் செம்பை நகர்த்தச் சொல்வதென்றாலும் அம்மா மூலமாகத்தான்.

மனைவி திட்டவில்லை. ஒரு தாளில் மூன்று தொலைபேசி எண்களை எழுதி, கருவிப்பெட்டியில் ஸ்பேனருக்கு அடியில் வைத்தாள். குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் இடங்கள். முதல் எண் உயிரோடு இல்லை. இரண்டாவதில் ஒரு பல் மருத்துவர் பேசினார். உண்மையைச் சொல்லக் கூச்சப்பட்ட மெக்கானிக், நன்றாக இருந்த தன் பல்லுக்கு நேரம் வாங்கிக்கொண்டார். மூன்றாவதில் ஒரு கரகரத்த குரல்:

"செவ்வாக்கிழமை ஆறு மணிங்க. தபாலாபீசுக்கு எதிர்க் கட்டடம், மாடியில. நாற்காலியெல்லாம் வட்டமாப் போட்டிருக்கும். சும்மா வந்து உக்காருங்க, போதும்."

எந்த மாடி என்று கேட்க வாய் வரவில்லை. வந்தார். இரண்டாம் மாடியில் நாற்காலிகள் வட்டமாக இருந்தன. வாசலில் எங்கள் தலைவர், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், டையை நீவியபடி நின்றார்.

"புதுசா? பயப்படாதீங்க. இங்க எல்லாருமே மொதநாள் கைகால் நடுங்கினவங்கதான்."

மெக்கானிக்கின் கண் கலங்கிவிட்டது.

3

"நான் வந்து, குடிகாரன். விட்டு வந்து, பதினோரு நாள் ஆச்சு. எம் பொண்ணு வந்து, என்கூட..."

இப்படியே திக்கி மூன்று நிமிடம் ஓட்டி, மகளிடம் வந்ததும் நின்றார். நான் மணியடித்தேன்.

(இந்த வரியைப் பேனாவால் நான்கு முறை அடித்துப் பார்த்தேன். நான்கு முறையும் எழுந்து வந்து அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டது.)

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. "என்ன நடிப்பு! அந்த நடுக்கம் இருக்கே, அதையெல்லாம் சொல்லிக்குடுக்க முடியாது," என்றார் தலைவர். மொழிக் கண்காணிப்பாளரான டீச்சர் தாளைப் பார்த்தார். "வந்து, பதினாலு தடவை. கொறைச்சுக்குங்க தம்பி." அன்றைய சிறந்த பேச்சாளருக்கான பேனாவும் மெக்கானிக்குக்கே போயிற்று.

குடியை முழுசாக விடுவதற்கு முன்னால் 'வந்து'வை விட வேண்டும்போல என்று நினைத்துக்கொண்டார் மெக்கானிக். வைத்தியம் எத்தனையோ விதம்.

அடுத்த வாரம் 'வந்து' ஐந்தாகக் குறைந்தது. நான்காம் வாரம் ஒன்றுகூட இல்லை, குடியும் இல்லை. பேனா நான்கு சேர்ந்திருந்தது. தலைவர் அவரைப் பேச்சுப் போட்டிக்கு அனுப்ப முடிவுசெய்தார். "ஒண்ணே ஒண்ணு மட்டும் மாத்தணும். கடைசியில குடிகாரன் செத்துட்டா, கைதட்டல் பிச்சுக்கும்."

4

இங்கேதான் பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. விவரம் தெரிந்த மனிதர் நான்கு வாரம் ஏமாறுவாரா? விமர்சகர்கள் பிடித்துக்கொள்வார்களே. ஐந்தாம் செவ்வாய், ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கையில், கீழே லிஃப்டுக்குக் காத்திருந்தவரிடமே கேட்டுவிட்டேன்.

"இது நீங்க தேடி வந்த கூட்டம் இல்லைன்னு..."

"லிஃப்ட் மெக்கானிக்குக்கு மாடி தெரியாதா சார்? ரெண்டாவது வாரமே தெரிஞ்சுபோச்சு. அது மூணாவது மாடி."

"அப்புறம் ஏன் எங்ககிட்டயே வர்றீங்க?"

"மேல சொன்னா நம்பிடுவாங்க சார். இங்க சொன்னா கைதட்டுறீங்க."

லிஃப்ட் வருகிறதா என்று மேலே பார்த்தேன். அவரே தொடர்ந்தார்.

"நேத்து பொண்ணு பேசிட்டா. 'அப்பா, அந்த மீட்டிங்குக்கு நானும் வரட்டுமா'ன்னா. அடுத்த வாரம் மேல கூட்டத்துக்குக் குடும்பத்து ஆளுங்களும் வரலாமாம். அவளை எங்க சார் கூட்டிட்டு வர? அவ அப்பன் குடிச்சதுக்கு நீங்க மார்க் போடுறதைப் பாக்கவா? இன்னைக்கே மேல போய் ஒரு தடவை சொல்லிப் பாத்துடணும். கால்தான் வரமாட்டேங்குது."

5

முடிவுகள் கைவசம் இருக்கின்றன. பரிசுக் கோப்பையோடு நேராகச் சாராயக்கடைக்குப் போகிறார். இலக்கியப் பத்திரிகைகள் இதற்கு உருகும். தலைவரும் உருகுவார், அதனாலேயே வேண்டாம். மகள் ஓடிவந்து கட்டிக்கொள்கிறாள், வெளியே மழை. மழைக்கு என்னிடம் வாக்கியம் மிச்சமில்லை. தலைவர் திருந்துகிறார்... கற்பனைக்கும் ஓர் அளவு உண்டு.

அதற்குள் லிஃப்ட் வந்துவிட்டது. உள்ளே போனவர் கதவைக் கையால் தடுத்துப் பிடித்தார்.

"நீங்களும் மேல வாங்க சார்."

"நான் எதுக்கு? நான் எழுதுறவன். சும்மா ஒரு கதைக்காக..."

"நாலு வாரமாப் பாக்குறேன். ஒரு தடவை அடிக்கிற மணி மூணு தடவை அடிக்குது. கயிறு, மோட்டார், கை, எது நடுங்கினாலும் எனக்குத் தெரிஞ்சுரும் சார்."

உள்ளே போய்விட்டேன். கதவு மூடிக்கொண்டது. லிஃப்ட் நகரவில்லை, யாராவது அமுக்கினால்தானே. அவருடைய இரண்டு கையும் கருவிப்பெட்டியின் பிடியில் இறுகியிருக்கின்றன. என் கை சட்டைப்பைக்குள். இரண்டாம் பொத்தான் தேய்ந்து பளபளக்கிறது. மூன்றாவது அதற்கு மேலே, கொஞ்சம் தூசியோடு.

இவ்வளவு தூரம் படித்துக்கொண்டு வந்த உங்களுக்கும் ஒரு விரல் இருக்கும். நீட்டுங்கள். நடுங்கினாலும் பரவாயில்லை.

* மணி போன மாதம்தான் வாங்கியது.