எழுதிய விலையும் எடுக்கிற விலையும்

தன் மனைவிக்கு எழுபத்தைந்தாயிரம் என்று விலை எழுதினார் பக்கெட் கடைக்காரர். எழுதிவிட்டுப் பூஜ்யங்களை ஒரு தரம் எண்ணிப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தன.

மனைவிக்கு என்றால் மனைவியின் படத்துக்கு. மூன்றடிக்கு இரண்டடி ப்ளைவுட் பலகையில் அவரே வரைந்தது. கடைத்தெருக் கோடியில், முன்பு அச்சகமாக இருந்த கூடத்தை ஊரில் சிலர் சேர்ந்து ஓவியக் கூடமாக்கி, வருஷத்துக்கு இரண்டு தரம் கண்காட்சி நடத்தினார்கள். முப்பது வருஷம் வரைந்தவரும் வரலாம், முந்தாநாள் தூரிகை வாங்கியவரும் வரலாம். ஆளுக்கு ஒரு படம். விண்ணப்பம் வந்த வரிசையில் ஆணி. திறமையைப் பார்த்து இடம் ஒதுக்குகிற வேலையே கிடையாது. அதனால் நகரமெல்லாம் பெயர் வாங்கிய தாடிக்கார ஓவியரின் கடல் ஒரு பக்கம், ஒரு பஸ் கண்டக்டர் முதன்முதலாக வரைந்த நாய் மறு பக்கம், நடுவில் நம்முடைய பக்கெட் கடைக்காரரின் மனைவி.

விண்ணப்பத்தில் விலை என்று ஒரு கட்டம். அதன் கீழே, வேண்டுமானால் ‘விற்பனைக்கு அல்ல’ என்று எழுதலாம் என்று பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது. முப்பது வருஷம் கல்லாவில் உட்கார்ந்தவர் கைக்கு அந்த வார்த்தை வரவில்லை. அவர் தொழிலில் ஒரு பொருளைக் கொடுக்க இஷ்டமில்லை என்றால் இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இல்லை என்றால் வாடிக்கையாளர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போவார். எழுபத்தைந்தாயிரம் என்றால் சிரித்துக்கொண்டே போவார்; நாளைக்கு ஒரு துடைப்பம் வாங்கவாவது திரும்பி வருவார்.

அந்தப் படம் ஏன் விற்கக்கூடாதது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்காக அவர் மனைவி பதினொரு ஞாயிற்றுக்கிழமை அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். சும்மா உட்கார அவளுக்குத் தெரியாது. அதனால் பற்று வரவு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு யார் யார் எவ்வளவு பாக்கி என்று வாசித்தபடி உட்கார்ந்தாள். படத்திலும் நோட்டு இருந்தது. அதிலிருந்து தலையைத் தூக்கி, மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறாள். மொத்த வியாபாரி இதுதான் கடைசி விலை என்று சொல்லி முடித்துவிட்டான், அடுத்த விலையை எப்போது சொல்லப்போகிறான் என்று காத்திருக்கிற பார்வை. அந்தப் பார்வை அவருக்கு அப்படியே வந்துவிட்டது. காதுதான் வரவில்லை.

படத்தைக் கூடத்துக்கு எடுத்துப்போன அன்று அவள் சொன்னது ஒன்றே ஒன்று.

“காட்டிட்டுத் திரும்பக் கொண்டு வந்துடுங்க. வித்துக்கித்து வெச்சிடாதீங்க. அலமாரிக்கு மேல இடம் விட்டிருக்கேன்.”

சுவரில் ஒரு சாண் காலி இருந்தாலும் நாலு துடைப்பத்தைத் தொங்கவிடுகிறவள். அவள் மூன்றடி இடம் விட்டிருக்கிறாள் என்றால் விஷயம் சாதாரணமில்லை என்று அவருக்குத் தெரியும்.

இரண்டாம் நாள் மத்தியானம் கூடத்தில் கூட்டம் இல்லை. பக்கெட் கடைக்காரர் தன் படத்துக்குப் பக்கத்தில், ஏதோ தற்செயலாக நிற்கிறவர் போல நின்றுகொண்டிருந்தார். பளபளவென்று ஷூ போட்ட ஒருவன் வந்து படத்தின் முன்னால் நின்றான். பழைய கார் வாங்கி விற்கிறவன். ஊரில் பாதிப் பேருக்கு அவனைத் தெரியும், மீதிப் பேர் அவனிடம் கார் வாங்கவில்லை.

“நீங்க வரைஞ்சதா அண்ணே?”

“ஆமாங்க.”

“எவ்வளவு?”

“எழுதியிருக்கே.”

“எழுதின விலை கண்ணுக்குத் தெரியுது. எடுக்கிற விலை என்ன?”

பக்கெட் கடைக்காரருக்கு முதுகுத்தண்டு தானாக நிமிர்ந்தது. இப்படி ஒரு கேள்வியைக் கேட்டால் அவர் தூக்கத்தில்கூடப் பதில் சொல்வார்.

“நீங்க ஒண்ணு சொல்லுங்க.”

“நாலாயிரம்.”

“பலகைக்கே பத்தாது.”

“பலகை என்ன, தேக்கா? சரி, அஞ்சு. அதுக்கு மேல எனக்குக் கட்டுப்படியாகாது.” சொல்லிவிட்டுக் கார் வியாபாரி திரும்பி, வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தான்.

போகட்டும் என்று விட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். எழுபத்தைந்தாயிரம் என்று எழுதியதே கேட்டு வருகிறவன் அப்படிப் போவதற்காகத்தான். ஆனால் வாசலை நோக்கிப் போகிற முதுகைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க அந்த மனிதர் பழகியதே இல்லை. வாய் தன்பாட்டுக்குத் திறந்தது.

“இருங்க சார். இவ்வளவு தூரம் வந்துட்டு ஒரு வார்த்தை பேசாமப் போனா எப்படி? பதினஞ்சு குடுங்க.”

அப்புறம் கால் மணி நேரம் அவருக்கு உலகமே நினைவில் இல்லை. பதினைந்து பன்னிரண்டாயிற்று, ஐந்து ஏழாயிற்று. போணி நேரம் என்றார், உங்க முகத்துக்காக என்றார், அசலே கையைக் கடிக்குது என்றார். கார் வியாபாரி இரண்டு தரம் வாசல்வரை போய்வந்தான். ஒன்பதாயிரத்தில் முடிந்தது. இரண்டாயிரம் முன்பணம் கைமாறியது. இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள். நல்ல பேரம் முடித்த திருப்தியில் பக்கெட் கடைக்காரர் பணத்தை எண்ணிச் சட்டைப் பையில் வைத்தார்.

கூடத்தைப் பார்த்துக்கொள்கிற அம்மாள் ஒரு சிவப்பு வட்டத்தைக் கொண்டுவந்து படத்தின் விலைச்சீட்டில் ஒட்டினாள். டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஒரே மூச்சில் மூன்று பேருக்குப் பதில் சொல்வதால் டெலிபோன் அம்மா என்று பெயர்.

“முதல் விற்பனை உங்களுதுதான். கூடத்துக்குப் பத்து சதவீதம். கடைசி நாள் வரைக்கும் படம் சுவர்லதான் இருக்கும், ஞாயித்துக்கிழமை அவர் வந்து எடுத்துப்பார். தாடிக்காரரோட கடல் படத்தையே இன்னும் யாரும் கேக்கல, தெரியுமா?”

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சிவப்பு வட்டத்துக்கு மேலே, மூக்குக் கண்ணாடி வழியாக அல்ல, அதற்கு மேலாக, அவர் மனைவி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை கார் வியாபாரிக்கு ஃபோன் போட்டார். “சார், அந்தப் படம்... வேற ஒண்ணு வரைஞ்சு தரட்டுமா?” என்று இழுத்தார். “ஆபீஸ் சுவர்ல ஆணி அடிச்சாச்சு அண்ணே” என்று பதில் வந்தது. முன்பணம் வாங்கிய கை. ஃபோனை வைத்துவிட்டார். வீட்டில் சொல்லவும் இல்லை. சாப்பிடும்போது அலமாரிக்கு மேலே இருந்த காலி இடத்தைப் பார்க்காமல் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை படத்தைச் சுற்றி எடுத்துவரப் பழைய போர்வை ஒன்றை மடித்துக்கொண்டு அவளும் கூடவே கிளம்பிவிட்டாள். கூடத்துக்குள் நுழைந்ததும் விலைச்சீட்டைப் பார்த்தாள்.

“இது என்னங்க சிவப்பா? பரிசா?”

“பரிசு இல்ல. வந்து...”

“எவ்வளவுக்கு?” என்றாள் அவள். ‘வந்து’ என்ற ஒரு சொல்லே அவளுக்குப் போதும்.

“ஒம்பது.”

“எழுபத்தஞ்சுன்னு எழுதிட்டு ஒம்பதா?”

“வாசல் வரைக்கும் போயிட்டான். கூப்பிட்டுட்டேன்.”

அவள் போர்வையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

“முன்பணம்?”

“ரெண்டு.”

“அப்ப ஒண்ணும் சொல்றதுக்கில்ல. கை நீட்டி வாங்கிட்டு இல்லைன்னு சொன்னா நாளைக்கு எந்த மொத்தக் கடைக்காரன் நம்ம பேச்சை நம்பிச் சரக்கு அனுப்புவான்?” பிறகு, “எடுக்க வர்றவன் எப்ப வருவான்?” என்றாள்.

கார் வியாபாரி அப்போதுதான் உள்ளே வந்துகொண்டிருந்தான். படத்தில் இருப்பவள் பக்கத்திலேயே நிற்பதைப் பார்த்து ஒரு கணம் தயங்கிவிட்டு, “வணக்கம்மா” என்றான்.

“வாங்க தம்பி. இந்தப் படத்தை நாங்க திரும்ப எடுத்துக்கலாம்னு பாக்கறோம். என்ன சொல்றீங்க?”

“நான் விக்கிறதுக்கு வாங்கலயேம்மா.” பிறகு தொழில் குறுக்கே வந்தது. “இருபத்தஞ்சு ஆகும்.”

“ஏழு.”

“நான் எடுத்ததே ஒம்பதுக்கும்மா.”

“நீங்க கை வெச்ச நிமிஷமே அது செகண்ட் ஹேண்டு. ஷோரூம் வாசலைத் தாண்டினா வண்டி விலை இறங்கிடும்னு எல்லார்கிட்டயும் நீங்கதானே சொல்றீங்க?”

“வண்டி வேற, படம் வேற. படம் நாளாக நாளாக ஏறும்.”

“ஏறாது” என்றார் தாடிக்கார ஓவியர். தன் கடலைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தார். “முப்பது வருஷமாப் பாத்துட்டு இருக்கேன்.”

அவள் படத்துக்கு அருகில் போனாள். “இந்தக் காதைப் பாருங்க தம்பி. கழுத்துலேருந்து முளைச்ச மாதிரி இருக்கு. யாராவது காசு குடுத்து வாங்குவாங்களா?”

பக்கெட் கடைக்காரருக்குச் சுருக்கென்றது. காது சரியில்லை என்று அவருக்கே தெரியும். ஆனால் நாலு பேர் நடுவில் கேட்பது வேறு.

“காதை விடுங்க, கண்ணைப் பாருங்க” என்றான் கார் வியாபாரி. “கார் விக்க வர்றவன் மீட்டரைத் திருத்திட்டு வந்து, வண்டி அவ்வளவா ஓடவே இல்லைன்னு என் எதிர்ல உக்காந்து சொல்றான். என் நாற்காலிக்குப் பின்னால இந்தக் கண்ணு இருந்தா ஒருத்தன் சொல்லுவானா? அதுக்குத்தாம்மா வாங்கினேன்.”

“விரலைப் பாத்தீங்களா? அஞ்சும் ஒரே நீளம். சீப்பு மாதிரி.”

இந்த இடத்தில் பக்கெட் கடைக்காரருக்கு மூச்சு சீரானது. கொள்முதலுக்கு அவளோடு எத்தனை கிடங்குக்குப் போயிருக்கிறார். வேண்டாத சரக்கை அவள் நல்லா இருக்கே என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாள். எடுத்தே தீருவது என்று முடிவு செய்த சரக்கைத்தான் நின்று குற்றம் சொல்வாள். எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு குற்றம். காது என்றபோது நொந்தவர், விரல் என்றபோது நிமிர்ந்தார். “மூக்கு ஒரு பக்கமா இழுத்திருக்கு, கலர் வேற சேறு மாதிரி” என்று அவள் தொடர்ந்தபோது, அவரைப் பற்றி இத்தனை வருஷத்தில் இவ்வளவு நல்லதாக யாரும் பேசியதில்லை என்று அவருக்குத் தோன்றியது.

“சேறா? நோட்டுல இருக்கிற எழுத்துகூடத் தெரியுதேம்மா” என்றான் கார் வியாபாரி, பாவம், அவனும் தன் பங்குக்குப் படத்தைப் புகழ்ந்துதானே ஆக வேண்டும். “சரி, பதினெட்டு.”

“ஒம்பது. எடுத்த விலைக்கே குடுத்துடுங்க.”

“ஆணி அடிச்சு வெச்சிருக்கேன்.”

“அந்த ஆணிக்கு எங்க கடையிலேருந்து ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கிக்கங்க. காசு வேணாம்.”

“பதினாலு, கடிகாரத்தோட.”

“இதுதான் கடைசி விலையா?” என்று கேட்டுவிட்டு, அவள் தலையைத் தூக்கி, கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தாள்.

கார் வியாபாரி அவளைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான். காசு கொடுத்து வாங்கிய பார்வை தன் மேலேயே திரும்பியதும் அவனுக்குக் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.

“பதினொண்ணரை. இதுக்குக் கீழ போனா நான் கடையை மூடணும்மா.”

“எடுத்துக்கறோம்” என்றாள். அவன் தரவேண்டிய பாக்கி ஏழாயிரத்தைக் கழித்து, மீதி நாலாயிரத்து ஐந்நூறைப் பையிலிருந்து எடுத்து எண்ணிக் கொடுத்தாள்.

டெலிபோன் அம்மா ரசீதுப் புத்தகத்தோடு வந்து நின்றாள். முதல் விற்பனைக்குப் பத்து சதவீதம் தொள்ளாயிரம். இரண்டாவதும் கூடத்துக்குள்தான் நடந்தது, அதற்கு ஆயிரத்து நூற்றைம்பது. அது விற்றவர் தலையில் என்றாள் கடைக்காரரின் மனைவி. திருப்பிக் கேட்டவர் தலையில் என்றான் கார் வியாபாரி. பாதிப் பாதி என்று முடிந்தது.

போர்வையில் படத்தைச் சுற்றும்போது கார் வியாபாரி கேட்டான்.

“இப்ப முடிஞ்சுபோச்சு, நிஜத்தைச் சொல்லுங்கம்மா. எது வரைக்கும் போயிருப்பீங்க?”

“கடையை எழுதிக் குடுத்திருப்பேன் தம்பி.”

“அடப் போங்கம்மா.”

“இருபத்தேழு வருஷத்துல இவர் என்னை அவ்வளவு நேரம் சேர்ந்தாப்புல பாத்தது இதை வரையறப்பத்தான். அதை உங்க ஆபீஸ்ல மாட்டவா விடுவேன்?” போர்வை நுனியை இழுத்து முடிச்சுப் போட்டாள். பக்கெட் கடைக்காரர் முடிச்சின் மேல் விரலை வைத்துப் பிடித்துக்கொண்டார். “இறுக்கமாப் போடு” என்றார்.

வீட்டுக்கு வந்து படத்தை மாட்டிவிட்டு, அவள் பற்று வரவு நோட்டை எடுத்து உட்கார்ந்தாள். கடன் வாங்கினவர்கள் பக்கத்தில் புதிதாக ஒரு தலைப்பு எழுதினாள்: ஓவியர். அதற்குக் கீழே கணக்கு. படம் திரும்ப எடுத்த வகையில் 11,500. கடிகாரம், கொள்முதல் விலைக்கு, 380. கூடத்துக்கு 900. இரண்டாம் விற்பனைக்குப் பாதி, 575. ஆக மொத்தம் 13,355. அதில் ஓவியர் கொண்டுவந்தது 9,000.

“தள்ளுபடி ஏதாவது உண்டா?” என்று தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டார் அவர்.

தள்ளுபடிக் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு போட்டாள். பாக்கி, 4,355.