கிளட்ச் இல்லாத வண்டி

என் அக்கா மகன் அல்தாபோடு வண்டி பார்க்கப் போன அன்று குற்றாலத்தில் மழை விடவே இல்லை. என் பழக்கடையை அடைத்துவிட்டுத்தான் போனேன். அடைத்தால் என்ன, திறந்தால் என்ன? அருவியில் வெள்ளம் என்று குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். ரம்புட்டான் வாங்க ஒரு ஈ காக்கை இல்லை. எரிச்சலோடு கிளம்பினேன். எரிச்சலோடு போன இடத்தில் நான் நல்ல வார்த்தை பேசியதாகச் சரித்திரமே கிடையாது.

அல்தாபுக்குப் பத்தொன்பது வயது. லைசென்ஸ் எடுத்ததிலிருந்து கை துறுதுறுவென்று இருந்தது. அவன் வாப்பா முகம்மது சலீம், என் மச்சான், குற்றாலத்தில் சீசன் டாக்சி ஓட்டியவர். பையன் பிறப்பதற்கு முன்பே சவூதியில் தம்மாமுக்குப் போய் ஓர் அரபி வீட்டில் டிரைவராகச் சேர்ந்தார். அடுத்தவன் வண்டியையே ஓட்டி ஆயுசில் பாதியைத் தொலைத்த மனுஷன். இப்போது ஒரேயடியாக ஊருக்கு வருகிறேன் என்றார். அதற்குள் ஒரு பழைய கார் வாங்கி வைக்கச் சொல்லிப் பணமும் அனுப்பிவிட்டார். திருவனந்தபுரம் ஏர்போர்ட்டிலிருந்து தென்காசி வரைக்கும் சொந்த வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு வரவேண்டும், அதுதான் அவருடைய ஆசை. வாப்பா ஓட்ட, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வரவேண்டும் என்பது அல்தாபுடைய ஆசை.

இலஞ்சி ரோட்டில் பழைய கார் விற்கிற வேல்சாமி அண்ணாச்சி எங்களுக்கு இரண்டு வண்டிகளைக் காட்டினார். ஒன்று வெள்ளை நிறச் சின்ன வண்டி. கிளட்ச் கிடையாது, ஆக்சிலேட்டர், பிரேக் இரண்டே பெடல். ஒரு டீச்சர் வைத்திருந்ததாம். இன்னொன்று ஏழு பேர் உட்காரும் உயரமான வண்டி, கியர் போட்டு ஓட்டுவது.

"மாமா, இதுதான் வாப்பா சொன்னது. கிளட்ச் இல்லாததா பாரு, கதவு அகலமா இருக்கணும், சீட்டு தாழ்வா இருக்கணும்னு அத்தனை வாட்டி சொன்னாவ" என்று அல்தாப் சின்ன வண்டியின் கதவைத் திறந்து திறந்து மூடினான்.

"ஏலே, இதுல எத்தனை பேர்லே போவ? ஒங்க உம்மா, நான், ஒங்க மாமி, புள்ளைங்க, எல்லாரும் ஏர்போர்ட்டுக்கு வரவேண்டாமா? பொட்டிய எங்கன வைப்ப, தலையிலயா?"

எங்கள் தெருவில் வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்தால் குடும்பமே வேன் பிடித்துப் போய்க் கூட்டி வரும். இரண்டு பேர் மட்டும் போனால், வருகிறவருக்கு என்ன கேடோ என்று தெரு முழுக்கப் பேசும். ஊர் வாய்க்கு நாம் ஏன் தீனி போடவேண்டும்?

"மைதீன் பாய், ரெண்டையும் ஓட்டிப் பாருங்க. எனக்கு எது போனாலும் ஒண்ணுதான்" என்றார் வேல்சாமி அண்ணாச்சி.

அல்தாப் வாப்பாவுக்கு வீடியோ கால் போட்டான். மச்சானின் முகம் மட்டும் தெரிந்தது. சில மாதங்களாகவே அப்படித்தான், தலையணையில் சாய்ந்த முகம். மெலிந்துபோயிருந்தார். கேட்டால் சுகர் என்பார்.

"மைதீன், அந்தச் சின்ன வண்டி போதும்யா. கிளட்ச் இல்லாததுதான் எனக்கு வேணும்" என்றார்.

"மச்சான், ஆரியங்காவு ஏத்தத்துல கியர் வண்டிதான் இழுக்கும். கிளட்ச் இல்லாத அரபி வண்டியா ஓட்டி ஓட்டி ஒங்க இடது காலு சொகம் கண்டுட்டு. நாலு நாள் கிளட்ச் மிதிச்சா தன்னால வழிக்கு வந்துரும்" என்று சொல்லிச் சிரித்தேன். வேல்சாமி அண்ணாச்சியும் சேர்ந்து சிரித்தார்.

மச்சான் சிரிக்கவில்லை. நெட் நின்றுவிட்டதோ என்று போனை ஆட்டிப் பார்த்தேன். பிறகு, "சரி, ஒங்க இஷ்டம்" என்று வைத்துவிட்டார். கோபம் போலிருக்கிறது, பட்டால் பட்டுக்கொள்ளட்டும் என்று நினைத்தேன்.

"வாப்பாவுக்குப் பிடிக்கல மாமா."

"ஏறி உக்காந்தா பிடிக்கும். பேசாம வாலே."

பெரிய வண்டியைப் பழைய குற்றாலம் வரைக்கும் ஓட்டிப் பார்த்தோம். அருமையாக இழுத்தது. வண்டியில் ஒரு குறையும் இல்லை, அதை இன்றைக்கும் சொல்வேன்.

மச்சான் வரும் நாளில் அவருக்கு ஒரு சீட்டை விட்டு மற்ற ஆறும் நிறைந்து, பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு போனோம். வாப்பா உட்காருகிற சீட்டு என்று டிரைவர் சீட்டுக்கு மட்டும் அல்தாப் புது உறை போட்டிருந்தான். ஏர்போர்ட் வாசலில் அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றான்.

மற்ற பயணிகள் எல்லாரும் டிராலி தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்கள். மச்சானைச் சக்கர நாற்காலியில் வைத்து ஒருவன் தள்ளிக்கொண்டு வந்தான். பேண்டின் இடது காலை முழங்காலுக்குக் கீழே மடித்து ஊக்கு குத்தியிருந்தது.

என் அக்கா நூர்நிஷா "யா அல்லாஹ்" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"ஏன் மச்சான் மறைச்சீங்க? ஒரு வார்த்தை சொன்னா என்ன?" என்று கத்தினேன்.

"புண்ணு ஆறல. எடுத்தாத்தான் உசுரு நிக்கும்னாவ. சொன்னா இவ சோறு தண்ணி இல்லாம கெடப்பா. கிளட்ச் இல்லாத வண்டிக்கு வலது காலு போதும்லா? ஊர் வரைக்கும் ஓட்டிக் காட்டிட்டு, பழையபடி சீசனுக்கு டாக்சி ஓட்டுவேன், அழாதன்னு சொல்ல நெனச்சேன்." என்னைப் பார்த்தார். "அன்னைக்கு நீ சிரிச்சதும் எனக்குப் பேச நா எழும்பல மைதீன்."

செத்துப்போகலாம் போல இருந்தது எனக்கு.

நாற்காலி திறந்த கதவுக்கு நேராக நின்றது. மச்சான் எட்டி உள்ளே பார்த்தார். கீழே மூன்று பெடல். உறையை மட்டும் தடவினார். "உறை நல்லாருக்குலே" என்றார்.

அல்தாப் அந்தக் கதவை மூடினான். வாப்பாவை இரண்டு கையாலும் தூக்கிச் சுமந்து, அந்த உயரத்துக்கு ஏற்றி, மறுபக்க சீட்டில் உட்காரவைத்தான்.

குளத்துப்புழை தாண்டி ஆரியங்காவு மலையில் ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. நான் நடு சீட்டிலிருந்து மச்சானையே பார்த்துக்கொண்டு வந்தேன். வளைவுக்கு வளைவு அல்தாப் கியரை மாற்றினான். அவன் மாற்றும்போதெல்லாம் மச்சானின் இடது தொடை அழுந்தி அழுந்தி எழுந்தது. இல்லாத காலால் மலை முழுக்கக் கிளட்ச் மிதித்துக்கொண்டே வந்தார்.