பரமேஸ்வரன் குழம்பில் போட்ட காளான்

1.

குருபோங் ஊரில் நடந்த ஒரு கல்யாண விருந்தில் என் பக்கத்து இலைக்காரி காளான் பிரட்டலை மட்டும் ஓரமாக ஒதுக்கினாள். ஏனென்று கேட்டேன், சிரித்தாள். அந்தச் சிரிப்பை நம்பாமல் மிச்சக் கதையை நானே கட்டினேன்.

2.

மழை விட்ட மறுநாள் காட்டில் இந்திராதேவி…

சே! மழை இல்லாமல் காளான் கதையே கிடையாதா? அந்த வரியை அடித்துவிட்டேன்.

இந்திராதேவிக்குப் பத்து பெரண்டாம் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஞாயிறுதோறும், மூடிப்போன ரப்பர் பால்மரத் தோட்டத்தை ஒட்டிய காட்டில் அபூர்வக் காளான்களைத் தேடிப் படமெடுத்துப் பதிவு செய்வாள். போன வாரம் ஊதாத் தண்டுள்ள ஒன்று கிடைத்தது. படத்தைப் பார்த்த கோலாலம்பூர் நிபுணருக்கே பெயர் தெரியவில்லை. "பறிக்காதீங்க, விஷமாவும் இருக்கலாம். நானே வந்து பாக்குறேன்" என்றார்.

இடத்தைப் புருஷன் பரமேஸ்வரனிடம் அவள் சொல்லவில்லை. முன்பு ஆசையாகக் காட்டிய ஒன்றைச் சம்பலாக்கிப் பக்கத்து வீட்டுக்கும் கொடுத்த மகராசன் அவன்.

(அவனும் தான் காளான் பறிக்கும் இடத்தைச் சொன்னதில்லை. தோட்டத்து ஆட்கள் சம்பளத்தைக்கூடச் சொல்வார்கள், காளான் முளைக்கும் இடத்தைச் சொல்லமாட்டார்கள்.)

3.

இன்று அவள் போய்ப் பார்த்தால் கத்தியால் சீவிய அடித்தண்டுதான் மிச்சம். பக்கத்தில் ஒரேயொரு மொட்டு தப்பியிருந்தது. வீட்டுக்கு வந்தால் அடுப்பில் பரமேஸ்வரன் வைத்த காளான் குழம்பு!

"எங்க கெடச்சிச்சி?"

"பசார்லதான்லா."

"பசார்ல இத யாரு விக்கிறா?"

"சரி, பக்கத்து வீட்டுத் தம்புசாமி அண்ணன் குடுத்தாரு. போதுமா?"

"தண்டு ஊதாவா இருந்திச்சா?"

"வெள்ளதான். போலீஸ் மாதிரி கேக்குற! நீ மட்டும் எங்க போறேன்னு சொல்றியா?"

சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். மசாலாவில் எல்லாம் ஒரே நிறம்.

4.

சட்டியைக் கவிழ்க்கலாமே என்கிறீர்களா? அவன் ஏற்கெனவே ருசி பார்த்துவிட்டான். இனி இடத்தைச் சொல்லி, அவன் முகத்தைப் பார்த்தால்தான் அதே காளானா என்ற உண்மை தெரியும்.

முடிவு ஒன்று: சொல்கிறாள். "அங்கயா? நான் போனதே இல்லலா!" என்று சிரிக்கிறான். மறுநாள் அந்த மொட்டும்…

முடிவு இரண்டு: சொல்லவில்லை. ஆம்புலன்ஸ்…

எழுதமாட்டேன்.

(உண்மையில் எனக்கு இந்திராதேவி மேல்தான் சந்தேகம். புருஷனுக்காகப் பயந்தவள் இவ்வளவு நேரம் யோசிப்பாளா?)

5.

"தேவி, ஒக்காரு, ஆறிடும்" என்று அவளுக்கும் தட்டு வைக்கிறான்.

அவளுக்கு அழுகை வருகிறது. புருஷனை நினைத்தா, அந்த மொட்டை நினைத்தா என்று அவளுக்கே தெரியவில்லை.

அவள் வாயில் நான் எதையும் வைக்கப்போவதில்லை. இடத்தைச் சொல்வதா வேண்டாமா, நீங்களே சொல்லுங்கள், ஆனால் சீக்கிரம். அவன் சோற்றைப் பிசைந்துவிட்டான்.