பதினான்காவது நிறுத்தம்

பாழடைந்த கோட்டை நகரத்துக்கு ஒரு நாள் போய்வருவதென்று முடிவானதிலிருந்து வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சாப்பாட்டுக்கு இடமில்லாமல் போயிற்று. மேசை முழுவதையும் அவர் பிடித்துக்கொண்டார்.

அவர் என்றால், தையல்கடைக்காரியின் கணவர். பேருந்து டிப்போவில் கால அட்டவணைப் பிரிவில் இருபத்தெட்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் போட்ட அட்டவணையில் ஒரு பேருந்துகூட ஒரு நிமிஷம் தாமதமானதில்லை. சாலையில் ஓடிய பேருந்துகளைப் பற்றி அவரிடம் கேட்கக் கூடாது. அது வேறு பிரிவு.

நூலகத்திலிருந்து தடித்த புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து, அதிலிருந்த வரைபடத்தை விரித்துவைத்து, மூன்று வாரம் திட்டம் போட்டார். காலை ஒன்பதுக்கு வாசல். ஒன்பது பன்னிரண்டுக்கு நாற்சந்தி. அங்கிருந்து இடப்பக்கம் திரும்பி, அரியணை மேடை, அந்தப்புரம் என்று வரிசையாகப் பார்த்து, மூன்று நாற்பதுக்குப் பதினான்காவது நிறுத்தமான பொக்கிஷ அறை. ஆளாளுக்குப் பதவியும் உண்டு. மாப்பிள்ளை தண்ணீர்ப் பொறுப்பாளர். நர்ஸ் வேலை பார்க்கும் மகள் மருத்துவப் பிரிவு. அவருடைய தங்கை பின்வரிசைக் கண்காணிப்பாளர்.

"கண்காணிக்க என்ன இருக்கு அண்ணா? எனக்குப் பின்னால யாருமே வரலையே," என்றாள் தங்கை.

"அதைத்தான் கண்காணிக்கணும்."

தையல்கடைக்காரிக்குப் பதவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு ஒரே ஒரு இடம் வேண்டியிருந்தது. கடைச் சுவரில் பதினாறு வருஷமாக ஒரு காலண்டர் தாள் தொங்குகிறது. தேதியெல்லாம் கிழிந்து போய்ப் படம் மட்டும் மிச்சம். கல்தூண் ஒன்றின் அடியில், சாண் உயரத்துக்கு ஒரு பெண் உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்கிறாள். ஒரு கண்ணை மூடி, உதட்டை ஓரமாகக் கடித்துக்கொண்டு. ஊசி கோக்கும்போது தன் முகமும் அப்படித்தான் கோணும் என்று வாடிக்கையாளர்கள் சொல்லி அவளுக்குத் தெரியும். அந்தத் தூண் இந்தக் கோட்டைக்குள் இருக்கிறது. அது இருக்கும் வலப்பக்கத்தைப் பழுதுபார்க்க அடுத்த மாதம் மூடப்போகிறார்கள், திறக்க ஐந்தாறு வருஷம் ஆகலாம் என்று பேப்பரில் போட்டிருந்தது.

"என்னங்க, அந்த ஊசிக்காரியையும் ஒரு நிறுத்தமாப் போட்டுடுங்களேன்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மறுப்பதற்கு முன் கழற்றுவது டிப்போக் காலத்துப் பழக்கம்.

"இங்க பாரு. பொக்கிஷ அறை இடது கோடி. உன் ஊசிக்காரி வலது கோடி. நடுவுல முழு ஊர் கிடக்கு. ராஜா உட்கார்ந்த இடத்தை விட்டுட்டு, ஊசி கோக்கிறவளைப் பார்க்கவா அஞ்சு பேர் கிளம்பிப் போறோம்? அதான் உன்னைத் தினம் பார்க்கிறோமே."

"நான் மட்டும் தனியாப் போய்ட்டு..."

"பிரியக் கூடாது. போட்ட திட்டம் மாறக் கூடாது. ரெண்டும் விதி. நோட்டுல முதல் பக்கத்துலயே எழுதியாச்சு."

எழுதிவிட்டால் அப்புறம் பேச்சில்லை. வீட்டில் அவர் கை பட்ட எதற்கும் ரப்பர் கிடையாது.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும் நாள் வந்தபோது அவருக்கு இன்னொரு யோசனை உதித்தது. காகிதம் கிழியும், நனையும். துணியில் வரைபடம் இருந்தால் உலகம் அழிந்தாலும் அழியாது. வரைபடத்தை மெல்லிய தாளில் படியெடுத்து அவளிடம் கொடுத்தார். அவள் லைனிங் துணியை விரித்து, கார்பன் வைத்து, பல்சக்கரத்தை ஓட்டித் தெருக்களைக் குறித்துக்கொண்டு, கோட்டின் மேலேயே தையல் ஓட்டினாள். தெருக்களுக்குக் கறுப்பு நூல், போகிற வழிக்குச் சிவப்பு. ஓரம் மடித்து அடித்து, இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். அவர் நல்ல பக்கத்தைத் திருப்பி, சிவப்பு நூலைப் பிடித்துக்கொண்டே போய் ஒன்றிலிருந்து பதினான்கு வரை எண் எழுதினார்.

"புத்தகத்தோட ஒரு தடவை ஒத்துப் பார்த்துடலாமே அப்பா," என்றாள் மகள்.

"புத்தகம் காலையிலேயே நூலகத்துக்குப் போயாச்சு. இங்க இருக்கு," என்று நெற்றியைத் தட்டிக் காட்டினார்.

குறித்த நாளில், வானம் மூடி வெயிலே இல்லாமல், நடக்கத் தோதாக இருந்தது. வாசலில் நான்கைந்து வழிகாட்டிகள் சூழ்ந்துகொண்டார்கள். அவர் துணியை விரித்துக் காட்டினார். அவர்களில் ஒருவன் அதை உற்றுப் பார்த்து, "துண்டு நல்லா இருக்கு சார்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

நாற்சந்தியில் நின்று விசில் ஊதினார். துணியைப் பார்த்தார். "வலப்பக்கம்," என்றார்.

"மாமா, இடப்பக்கம்னு சொன்ன மாதிரி ஞாபகம்," என்றார் மாப்பிள்ளை.

"ஞாபகத்தை நம்பக் கூடாதுன்னுதானே மாப்பிள்ளை படம் போடறது."

அந்த நகரத்தைக் கட்டிய ராஜா சட்டையின் இரண்டு முன்பக்கங்களைப் போல இந்தப் பக்கத்துத் தெருவை அப்படியே அந்தப் பக்கமும் வெட்டியிருந்தான். அதனால் தெருக்கள் திட்டத்தோடு அச்சாகப் பொருந்தின. பெயர்ப்பலகைகள் மழையில் வெளுத்து, எழுத்தில்லாமல் நின்றன. எல்லாம் அவருக்குச் சாதகம். மூன்றாவது நிறுத்தத்தில் இரண்டு நிமிஷம் மிச்சம் பிடித்ததில் அவர் முகம் மலர்ந்தது.

ஒன்பதாவது நிறுத்தத்தில், நீளமான கல் ஒன்றின் முன் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்தார்.

"இதுதான் அரியணை மேடை. இதுல உட்கார்ந்துதான் ராஜா நீதி வழங்கினாரு. நடுவுல குழிவா இருக்கு பாருங்க. மெத்தை போடறதுக்கு."

"வசதியா உட்கார்ந்திருப்பாரு," என்றாள் தங்கை.

அவரும் செருப்பைக் கழற்றிவிட்டு, பயபக்தியோடு குழிக்குள் இறங்கி உட்கார்ந்தார். மகள் போட்டோ எடுத்தாள். ஓரமாகச் சருகு கூட்டிக்கொண்டிருந்த பெண் துடைப்பத்தை ஊன்றி நின்று வேடிக்கை பார்த்தாள்.

"ஐயா, அது குதிரைக்குத் தண்ணி காட்டுற தொட்டி," என்றாள்.

மாப்பிள்ளைக்குத் திடீரென்று இருமல் வந்தது. மகள் கணவன் முதுகைத் தட்டினாள். தட்டிய கையும் குலுங்கியது.

"சிலர் அப்படியும் சொல்றாங்க," என்றார் அவர், தொட்டியை விட்டு எழாமலே. "ஆய்வாளர்களுக்குள்ள கருத்து வேறுபாடு உண்டு."

தையல்கடைக்காரி மட்டும் சிரிக்கவில்லை. கல்மேல் கிடந்த துணியை எடுத்தாள். ஓரத்து மடிப்பு அடியில் இருந்தது. திருப்பினாள். கார்பன் கோடு இந்தப் பக்கம். முப்பது வருஷமாக எந்தத் துணியில் குறி போட்டாலும் உள்பக்கத்தில்தான் போடுவாள். நல்ல பக்கத்தில் குறி போடும் தையல்காரி உலகத்தில் உண்டா? கைப்பழக்கத்தில் கோட்டை நகரத்தையும் உள்பக்கத்தில் குறித்துத் தைத்துவிட்டாள். நல்ல பக்கத்தில் ஊரே இடம் வலமாகிவிட்டது. இடது கோடிக்குப் போக வேண்டிய சிவப்பு நூல் வலது கோடிக்குப் போகிறது.

வலது கோடி.

இப்போது சொன்னால் திரும்பி நடந்து ராஜாவைப் பிடித்துவிடலாம். நேரம் இருக்கிறது. துணியை நல்ல பக்கம் மேலே வரும்படி நீவி விரித்து, அவர் கையில் கொடுத்தாள்.

"இன்னும் அஞ்சுதான் இருக்கு. திட்டப்படியே போவோம்ங்க. போட்டது போட்டதுதான்."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அவருடைய திட்டம் எதையும் ஆதரித்துப் பேசியதில்லை. நான்கு பேரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள்.

"அண்ணி, உடம்பு சரியா இருக்கா?" என்றாள் தங்கை.

மருத்துவப் பிரிவு நாடி பிடித்துப் பார்த்தது. கொஞ்சம் வேகமாக இருந்தது.

பத்தாவது நிறுத்தமான அந்தப்புரத்தில் யானை கட்டும் வளையங்கள் இருந்தன. அவர் அவற்றை ஊஞ்சல் வளையங்கள் என்று விளக்கினார். "ராணிங்க நல்ல கனம் போல," என்றாள் தங்கை. பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. விளக்கம் சுருங்கிக்கொண்டே வந்து கடைசியில் விசில் மட்டும் மிஞ்சியது. தையல்கடைக்காரிதான் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். முழங்கால் வலிக்காரி அப்படி நடந்து யாரும் பார்த்ததில்லை. பின்வரிசைக் கண்காணிப்பாளர் மூச்சு வாங்க ஓடிவந்தாள்.

தெரு முடிந்த இடத்தில் சின்ன மண்டபம். பூட்டில்லை, கதவில்லை, பொக்கிஷம் வைக்க ஒரு மாடம்கூட இல்லை. வாசலை ஒட்டிய தூணின் அடியில், சாண் உயரத்துக்கு அவள் உட்கார்ந்திருந்தாள். ஒரு கண் மூடி, உதடு கடித்து.

தையல்கடைக்காரி தரையில் உட்கார்ந்துவிட்டாள். காலண்டரில் தெரியாத ஒன்று நேரில் தெரிந்தது. நூல் இன்னும் ஊசிக் காதுக்குள் நுழையவில்லை. மயிரிழை தள்ளி நிற்கிறது. எத்தனையோ நூறு வருஷமாக இவளும் கோத்துக்கொண்டேதான் இருக்கிறாள். அதைப் பார்த்ததும் தையல்கடைக்காரிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

மகள் கல்முகத்தையும் அம்மா முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்பா, இது அம்மாவேதான்."

"தப்பு என்னோடதுங்க," என்றாள் அவள், முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி. "உள்பக்கத்துல குறிச்சுட்டேன். தொட்டிகிட்டயே தெரிஞ்சுபோச்சு. சொல்லலை."

அவர் துணியைப் புரட்டினார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். எல்லோரும் காத்திருந்தார்கள். மறுக்க எதுவும் அகப்படாமல் மறுபடி மாட்டிக்கொண்டார்.

"எனக்கு நாற்சந்தியிலேயே தெரியும்," என்றார்.

"தெரிஞ்சுதான் தொட்டியில இறங்கினீங்களா அண்ணா?"

அவர் காது கேட்காதவராகத் தூணருகே குனிந்தார். ஒரு கண்ணை மூடி, ஊசிக்காரியை நேருக்கு நேர் பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார். மாப்பிள்ளையிடம் தண்ணீர் வாங்கி அவளிடம் நீட்டினார்.

நோட்டைத் திறந்தார். மணி பார்த்தார். பேனாவை உதறி, ரப்பர் படாத கையெழுத்தில் எழுதினார்:

"14. பொக்கிஷ அறை. பார்த்தாயிற்று. மூன்று நாற்பது. தாமதம் இல்லை."