பனி என்றால் ஜுரம்

கத்தரீனாளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியபோது அவளுக்கு வயது நாற்பது. அவளாகக் கேட்டுப் போகவில்லை.

வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான மூன்றாம் நம்பர் லயத்தில் அவள் குடும்பம் இருந்தது. பகலெல்லாம் கொழுந்து பறிப்பாள். லயத்தில் யாருக்காவது வலி எடுத்துவிட்டது என்று ஆள் வந்தால், கூடையை அப்படியே இறக்கிவைத்துவிட்டு ஓடுவாள். பிரசவம் பார்ப்பது அவள் அம்மாவோடு கூடப் போய்ப் பழகிய வேலை. பதினெட்டு வருஷத்தில் எத்தனை பிள்ளை எடுத்தாள் என்பது அவளுக்கே தெரியாது. கத்தரீனாள் வந்துவிட்டாள் என்றால் வலியில் கிடப்பவளுக்குக்கூட ஒரு தைரியம் வரும்.

புருஷன் மிக்கேல்ராஜ் தேயிலைச் செடிகளை வெட்டிவிடுவதில் நல்ல கவாத்துக்காரன். மூன்று வருஷத்துக்கு முன்னால், மலையாள வருஷம் ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பதில் வந்த பெருவெள்ளத்தின்போது மலை சரிந்து அவன் இடுப்பு நசுங்கியது. உயிர் பிழைத்தான். அதற்குப் பிறகு அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை போய் வருவதே பெரிய காரியமாக இருந்தது. மகள் சிசிலிக்குப் பதினாலு வயது. வீட்டில் முழு ஆள் வேலை செய்வது கத்தரீனாள் ஒருத்திதான்.

அந்த மாசியில் லயத்தில் இரண்டு பெண்கள் செத்தார்கள். முதலில் குருவம்மாள். பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் குளிர் கண்டு, உடம்பு நெருப்பாய்க் கொதித்து, வயிறு ஊதி, ஒன்பதாம் நாள் போனாள். பிரசவம் பார்த்த கத்தரீனாள்தான் அந்த ஒன்பது நாளும் கூட இருந்து துடைத்துவிட்டாள், துணி மாற்றினாள். அடுத்தவள் ராமுத்தாய், சங்கையாவின் பெண்டாட்டி. இருபது வயது. அவளுக்கும் அதே குளிர், அதே ஜுரம். ஏழாம் நாள் பிதற்றத் தொடங்கி, எட்டாம் நாள் போனாள். பிள்ளை தப்பியது.

ராமுத்தாயின் சாவுக்கு ஊர் ஒரு காரணம் சொன்னது. அவளுடைய அம்மா அழகுத்தாய், சொல்லியும் கேட்காமல் ஐந்தாம் நாளே மகளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினாள். அதனால்தான் ஜன்னி கண்டது என்றார்கள். சங்கையா மாமியாரின் துணிமூட்டையைத் தூக்கி வெளியே எறிந்தான். பெற்ற மகளைக் கொன்றவள் என்ற பேரோடு அழகுத்தாய் குமுளி வழியாக மலை இறங்கிப் போனாள். அன்று லயமே வேடிக்கை பார்த்தது. கத்தரீனாளும் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

ஒரே மாதத்தில் இரண்டு சாவு என்றதும் தோட்டத்து டாக்டர், மேனேஜர் துரையிடம் எழுதிக் கொடுத்தார். இனி சர்ட்டிபிகேட் இல்லாத யாரும் தோட்டத்தில் பிரசவம் பார்க்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. லயத்துப் பெண்களில் எழுத்துத் தெரிந்தவள் கத்தரீனாள் மட்டும்தான். சின்ன வயதில் ஊரில் கன்னியர் பள்ளியில் மூன்றாம் வகுப்புவரை படித்திருந்தாள். டாக்டர் அவளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். மேற்கே அடிவாரத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. பதினைந்து மாதப் படிப்பு. பாஸானால் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. போகாவிட்டாலும் பாஸாகாவிட்டாலும் ஒன்றுதான்: வேலை செய்ய முடியாத ஆண்பிள்ளைக்குத் தோட்டம் இனியும் வீடு கொடுக்காது.

வைகாசிக் கடைசியில், மழை பிடிப்பதற்கு முன்னால், அவள் பஸ் ஏறினாள்.

அங்கே கூடப் படித்த பதினோரு பேரும் பதினெட்டு, இருபது வயதுப் பெண்கள். பாடம் முழுக்க மலையாளம். பேச்சு பாதி புரிந்தது. எழுத்து ஒன்றும் புரியவில்லை. சிஸ்டர் சொல்லச் சொல்ல, காதில் விழுந்ததைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டாள். கிட்டத்தில் வைத்தால் எழுத்து கலங்கியது. கையை நீட்டி நோட்டைத் தூரத்தில் பிடித்து அவள் வாசிப்பதைப் பார்த்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். முதல் பரீட்சையில் இருபத்தைந்துக்கு மூன்று மார்க். அடுத்ததில் நாலு. இப்படியே போனால் கிறிஸ்துமஸுக்கு முன்னால் திருப்பி அனுப்பிவிடுவோம் என்று பெரிய சிஸ்டர் சொன்னார். அன்று அவள் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு, வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதாள். மிக்கேல்ராஜைக் கட்டிலோடு தூக்கி வெளியே வைப்பதுபோல அவளுக்குக் கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தது.

ஐந்தாம் மாதம், ஐப்பசியில், அந்தப் பாடம் வந்தது. பிரசவம் கழிந்த மூன்றாம் நாள் பனி வரும் என்று பெரிய சிஸ்டர் சொன்னார். கத்தரீனாள் அப்படியே எழுதினாள். பனி ஒரு பெண்ணிடமிருந்து இன்னொரு பெண்ணுக்குப் போகும். அதைக் கொண்டுபோவது கை. கை என்ற சொல் இரண்டு பாஷையிலும் ஒன்றுதான். சிஸ்டர் தன் இரண்டு கைகளையும் விரித்துத் தூக்கிக் காட்டினார். மலையிலேயே கிடக்கிறவர்களுக்குத் தெரியாத பனியா என்று நினைத்தாள் கத்தரீனாள். பனி எப்படிக் கையில் ஒட்டிக்கொண்டு போகும்? இவர்கள் எதையாவது சொல்லட்டும் என்று எழுதி முடித்தாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு நோட்டை வைத்துப் படித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் கட்டில் ஏலிக்குட்டியிடம் சிரித்துக்கொண்டே கேட்டாள், குளிர்காலத்தில் பிள்ளை பெற்றால்தான் இப்படி வருமா என்று. ஏலிக்குட்டிக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

"ஐயோ சேச்சி, அந்தப் பனியில்லா. பனி எந்நால் ஜ்வரம். ஜ்வரம்."

கத்தரீனாள் நோட்டைத் திரும்பவும் முதலிலிருந்து வாசித்தாள். பனி என்று எழுதியிருந்த இடத்திலெல்லாம் ஜுரம் என்று வைத்து வாசித்தாள். மூன்றாம் நாள் குளிர். கொதிப்பு. வயிறு ஊதுதல். பிதற்றல். ஒருத்தியிடமிருந்து இன்னொருத்திக்கு. கை.

அவளுக்கு நினைவு வந்தது குருவம்மாள் கிடந்த எட்டாம் நாள் மத்தியானம். குருவம்மாள் நனைத்துக் கிடந்த துணிகளை அவள் மாற்றிக்கொண்டிருந்தபோதுதான், பெண்டாட்டிக்கு வலி எடுத்துவிட்டது என்று சங்கையா மூச்சிரைக்க வந்து நின்றான். கத்தரீனாள் வாசலில் ஓடிய வாய்க்கால் தண்ணீரில் கையை அலசிவிட்டு, முந்தானையில் துடைத்துக்கொண்டு, அவன் பின்னாலேயே ஓடினாள். ராமுத்தாய் அவளைப் பார்த்ததும் அழுகையை நிறுத்தினாள். அந்தக் கையைத்தான் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் அவள் வகுப்புக்குப் போகவில்லை. பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுப் பெரிய சிஸ்டரின் அறைக்குப் போனாள். சிஸ்டர் மங்களூர்க்காரர்; தமிழ் கொஞ்சம் பேசுவார்.

"நான் ரெண்டு பேரைக் கொன்னுருக்கேன் சிஸ்டர்" என்றாள் கத்தரீனாள். "நான் ஊருக்குப் போறேன்."

நடந்ததையெல்லாம் சிஸ்டர் கேட்டார். தேற்றுவார் என்று அவள் நினைக்கவில்லை, அவரும் தேற்றவில்லை.

"ரெண்டு பேர்தான்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

கத்தரீனாள் மனசுக்குள் எண்ணத் தொடங்கினாள். பதினெட்டு வருஷம். இடையிடையே செத்த ஒவ்வொரு முகமாக வந்தது. முனி அடித்தது என்றார்கள், கண் பட்டது என்றார்கள், அவளும் ஆமாம் என்று சொல்லியிருந்தாள்.

"நானும் படிக்கிறதுக்கு முந்தி ஆறு வருஷம் கிராமத்துல பிரசவம் பார்த்தேன்" என்றார் சிஸ்டர். "எத்தனைன்னு எனக்கும் தெரியாது. நீ போனா அந்த லயத்துல யார் பார்ப்பா? கையைக் கழுவாத இன்னொருத்தி. பெட்டியைப் பிரி."

அழகுத்தாயின் விஷயத்தையும் அவள் சொன்னாள். தன்னால் ஒரு தாய் தலைகுனிந்து திரிகிறாள், போய் உண்மையைச் சொல்ல வேண்டும் என்றாள். படிப்பை முடித்துவிட்டுப் போய்ச் சொல், இப்போது சொன்னால் உன்னைத் தோட்டத்துக்குள்ளேயே விட மாட்டார்கள் என்றார் சிஸ்டர். ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னாள். தெரியாமல் செய்தது பாவமாகாது என்று அவர் ஆசீர்வதித்து அனுப்பினார். அவளுக்குப் பாரம் இறங்கவில்லை.

ஆனால் பெட்டியைப் பிரித்தாள். அதற்குப் பிறகு அவள் படித்ததைப் பார்த்துக் கூட இருந்த பெண்கள் பயந்தார்கள். மலையாள எழுத்தை மூன்று மாதத்தில் பிடித்தாள். கார்பாலிக் சோப்பில் தேய்த்துத் தேய்த்து அவள் கை முழங்கைவரை வெடித்து ரத்தம் கசிந்தது. அடுத்த ஆவணியில் பாஸானாள். முதலாவதாக ஒன்றும் இல்லை, பதினொன்றாவதாக.

மலைக்குத் திரும்பிய மூன்றாம் நாள், சிசிலியைக்கூடக் கூட்டிக்கொள்ளாமல், சங்கையா வீட்டுக்குப் போனாள். அவன் வேலை முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தான். பிள்ளை நடக்கத் தொடங்கியிருந்தது. அவள் உட்காராமல், நின்றபடியே சொன்னாள். தலைக்கு ஊற்றிய தண்ணீரால் இல்லை. என் கையால்தான் வந்தது. குருவம்மாளிடமிருந்து நான்தான் கொண்டுவந்தேன். உன் மாமியாரைக் கூப்பிட்டு வந்துவிடு.

சங்கையா பிள்ளையை இழுத்துத் தன் காலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். அடிப்பான் என்று அவள் எதிர்பார்த்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்தம்மா போன தையில செத்துப்போச்சு எக்கா" என்றான். "எழவு சொல்ல ஆள் வந்துச்சு. பெத்த மகளைக் கொன்னவ எழவுக்கு நான் ஏன் வரணும்னு கேட்டு அனுப்பிட்டேன்."

தை. அவள் பெட்டியைப் பிரித்து மூன்று மாதம் கழித்து. அன்றே புறப்பட்டிருந்தால் நடந்தே போயாவது அழகுத்தாயிடம் சொல்லியிருக்கலாம். கத்தரீனாள் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதை நீங்க எங்கிட்டச் சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றான் சங்கையா. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினான்.

மறுநாள் காலை மஸ்டரில், எல்லோரும் வேலைக்குப் பேர் கொடுக்க நிற்கும்போது, அவன் அதைச் சத்தமாகச் சொன்னான். கூட்டிக் குறைத்து ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொன்னதைத்தான் சொன்னான். அதோடு முடிந்தது. வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு அவள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்திருப்பாள். ஒரு பெண்ணும் வரமாட்டாள். புரட்டாசியில் இரண்டு பிரசவம், ஐப்பசியில் ஒன்று. எல்லாம் அவளுக்குத் தெரியாமல் கதவைச் சாத்திக்கொண்டு நடந்தன. வாய்க்காலில் அவள் குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடங்களை எடுத்துக்கொண்டு போனார்கள். இப்படி உளறுவதற்கா உன்னைப் படிக்க அனுப்பினோம் என்று டாக்டர் கத்தினார். பொங்கல்வரை பார்ப்பேன், யாரும் கூப்பிடாத நர்ஸைத் துரை வைத்துக்கொள்ள மாட்டார் என்றார்.

"உன்னை யாரு கேட்டா?" என்று மிக்கேல்ராஜ் கட்டிலில் கிடந்தபடி முனகினான். "செத்தவளுக்கு இனி என்ன? இருக்கிற நாங்க எங்க போவோம்?"

சொல்லாமல் இருந்திருந்தால் எல்லோரும் நன்றாக இருந்திருப்பார்கள் என்று சில நாள் அவளுக்கும் தோன்றும். அழகுத்தாயின் எழவுக்கு ஒருவரும் போகவில்லை என்பது நினைவுக்கு வந்ததும் அந்த எண்ணமும் போய்விடும். ஆற்றுப் பாலத்துக்கு நடுவில் கீழே பார்த்தபடி ஒரு மத்தியானம் முழுக்க நின்றிருக்கிறாள். சிசிலி வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

மார்கழியில் ஒரு நாள் பெரியமுத்து ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றான். ஏலக்காட்டு ஓரத்தில் இருக்கும் ஐந்தாம் நம்பர் லயத்துக்காரன். அவன் பெண்டாட்டிக்கு இரண்டு நாளாக வலி. பார்த்துக்கொண்டிருந்த கிழவி கைவிட்டுவிட்டாள். டாக்டர் பீர்மேட்டுக்குப் போயிருந்தார். வேறு யாரும் இல்லை, அதனால் வந்தான்.

கத்தரீனாள் போனாள். அறைக்குள் அந்தப் பெண் சத்தம் போடக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தாள். கத்தரீனாள் அவள் பக்கம் போகாமல் வெந்நீர் கேட்டாள். கொதிக்கட்டும் என்றாள். பெரியமுத்துவின் அம்மா தலையில் அடித்துக்கொண்டு கத்தினாள்: உயிர் போகுது, இவ தண்ணி காயுதான்னு நிக்கிறா. கத்தரீனாளின் உடம்பு முழுக்க அந்தப் பெண்ணிடம் ஓடத்தான் துடித்தது. பதினெட்டு வருஷப் பழக்கம் அது. அவள் அடுப்புக்கு முன்னால் நின்று, நகங்களை வெட்டி, பிரஷ்ஷால் விரல் இடுக்கெல்லாம் தேய்த்தாள். பழைய வெடிப்புகள் திறந்து எரிந்தன. மருந்துத் தண்ணீரில் கையை அமிழ்த்திக்கொண்டு, ஒவ்வொரு முனகலுக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். சிஸ்டர் சொல்லிக் கொடுத்த நேரம் முடிந்த பிறகுதான் உள்ளே போனாள்.

பிள்ளை பக்கவாட்டில் திரும்பிக் கிடந்தது. திருப்பி எடுக்க வெயில் சாயும்வரை ஆனது. பெண் குழந்தை. அழுதது. வீட்டில் எல்லோரும் அழுதார்கள். கத்தரீனாள் அழவில்லை. அவளுக்கு இனிமேல்தான் எல்லாம்.

தினமும் காலையும் மாலையும் மூன்று மைல் நடந்து போய் அந்தப் பெண்ணுக்கு ஜுரம் பார்த்தாள். முதல் நாள் இல்லை. இரண்டாம் நாள் இல்லை. மூன்றாம் நாள் மாலை கண்ணாடிக் குச்சியைக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள்: நூறு. அவள் வாசலுக்கு வந்து உட்கார்ந்தாள். என்னவென்று பெரியமுத்து கேட்டான். பால் கட்டியிருக்கலாம், அதுக்கும் வரும் என்றாள். அப்படித்தான் புத்தகத்தில் இருந்தது. அவள் அதை நம்பவில்லை. வீட்டுக்குப் போகாமல் அங்கேயே சுவரில் சாய்ந்து கிடந்தாள். செபமாலையை எடுத்தாள், செபம் வரவில்லை.

நாலாம் நாள் காலை ஜுரம் இறங்கியிருந்தது. ஐந்தாம் நாள் இல்லை. ஆறு, ஏழு, எட்டு. எட்டாம் நாள் அந்தப் பெண் கஞ்சி வேண்டாம், சோறு வேண்டும் என்று மாமியாரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

பத்தாம் நாள் கத்தரீனாள் கடைசியாகப் பார்த்தாள். "இனிமே ஒண்ணும் பயமில்ல" என்றாள். அந்தப் பெண் பிள்ளைக்குப் பால் கொடுத்தபடியே கேட்டாள்:

"நாளைக்கு வரமாட்டீகளா?"

நாளைக்கு வர வேண்டிய அவசியமில்லை என்றுதான் புத்தகம் சொன்னது.

"வாரேன்" என்றாள் கத்தரீனாள்.