வெயிலைத் தேடிப் போன மிஷின்

மில்லில் இருந்து திரும்பி வந்த லோடில் ஒரு கட்டையை எடுத்து அழுத்தினாள் உமாராணி. இரும்பு மாதிரி இருக்க வேண்டியது, டீயில் முக்கிய பிஸ்கட்டாக உதிர்ந்தது. அடுத்த வெள்ளிக்குள் காய்ந்த சரக்கு வராவிட்டால் ஆர்டர் வேறு ஆளுக்கு என்று மில்லில் சொல்லிவிட்டார்கள். அந்த ஆர்டர் போனால் தொழிலே போன மாதிரிதான்.

சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே திருவேங்கடத்துக் காட்டில், பஞ்சு எடுத்தபின் மிஞ்சும் செடிக்குச்சியான பருத்திமார் வாங்கி, குற்றாலத்துப் பக்கம் மாமனார் இடத்தில் போட்ட ஷெட்டில் பொடித்து, மிஷினில் அழுத்தி, மில் பாய்லரில் எரிக்கக் கட்டையாக விற்கிறாள். சொந்த இடம், வாடகை இல்லை என்று அங்கே போட்ட ஷெட். ஆனி பிறந்து சாரல் இறங்கியதும் ஐந்தருவியில் சனம் பஜ்ஜியும் கையுமாகக் கொண்டாடியது. இவள் ஷெட்டில் குவித்த மார் ஈரம் குடித்தது.

"ஏட்டி, பேசாம மிஷின வித்துருவோம். காயவைக்க எரிச்ச விறகே வந்த காச முழுங்கிட்டு," என்றான் புருஷன் முத்துச்செல்வம். போலீஸ்காரன், கேஸை சீக்கிரம் முடிக்கப் பார்ப்பான்.

மறுநாள் காலையிலேயே திருவேங்கடம் போனாள். பருத்திமார் விற்கும் முருகம்மாள் ஒரு குச்சியை ஒடித்தாள். படக்கென்று முறிந்தது.

"இங்கன சருகாக் காஞ்சு கெடக்கு. இத மழைக்குள்ள கொண்டு போயி நனைச்சி, பொறவு அடுப்பு வச்சி காயப்போடுதியே, ஒனக்கென்ன கோட்டியா தாயி?"

உமாராணி சிரித்தாள். பிறகு வாசலில் லோடு ஏற்றி நின்ற லாரியைப் பார்த்தாள், சிரிப்பு நின்றுவிட்டது. மலைபோல் குவிந்திருந்தது, குச்சிகளுக்கு நடுவே பாதிக்கு மேல் காற்று. இரண்டு வருஷமாகக் காற்றுக்கு லாரி வாடகை கொடுத்திருக்கிறாள்! இங்கேயே அழுத்தினால் நாலு லாரி மார் ஒரு லாரிக் கட்டையாக அடங்கிவிடும்.

"இங்கன கரண்டோட ஷெட்டு கெடைக்குமாக்கா?"

"எங்கண்ணன் தீப்பெட்டி ஆபீசு பூட்டித்தான கெடக்கு. எம் மருமவளுக்கு வேல குடுப்பியா?"

"நாளைக்கே வரச் சொல்லுங்க."

வீட்டில் முத்துச்செல்வம் குதித்தான். "சொந்த எடத்த விட்டுட்டு வாடகைக்குப் போவியா? ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். சாரல் நல்லாத்தான் இருக்கு, குளிக்கதுக்கு."

ஆனாலும் மிஷினைக் கழற்றும்போது அவன் ஸ்பேனரோடு வந்து நின்றான்.

செவ்வாய்க்கிழமை காலை தார்ப்பாய் போர்த்திய மிஷினோடு லாரி கிளம்பியது. எதிரே குற்றாலத்துக்கு வேன்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. டிரைவர் சுடலைமுத்துவுக்குப் பக்கத்தில் உமாராணி வெள்ளி வரை நாட்களை எண்ணிக்கொண்டு வந்தாள். மிஷினை மாட்ட ஒரு நாள், ஓட்ட இரண்டு நாள். முடியும் என்றுதான் தோன்றியது. சங்கரன்கோவில் தாண்டியதும் வைப்பர் காய்ந்த கண்ணாடியில் கறகறவென்று தேய்த்தது.

"அத நிறுத்துங்க அண்ணாச்சி."

ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினாள். வெயில் சுரீரென்று சுட்டது. கையை அவள் உள்ளே எடுக்கவில்லை.